இல்லாத தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருக்கிறாய் என்றால், தயவுசெய்து முழுவதையும் படித்துவிடு. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான்கு வருடமாக என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். வைக்காவிட்டாலும் எனக்குத் தொலைபேசியில் எதையும் வரிசையாகச் சொல்ல வராது. இது ஏழாவது பிரதி. முந்தைய ஆறிலும் விஷயத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன். அது கோழைத்தனம் என்று பட்டதால் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகளை இடிக்கக் காரணமாக இருந்த வெள்ளக் கணக்கு தவறு. அந்தத் தவறு என்னுடையது.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த நாற்காலியில் இப்போது ஒரு பெண் பொறியாளர் இருக்கிறார். என்னுடைய பழைய மென்பொருளைப் புது இயந்திரங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவது அவர் வேலை. மரியாதையான பெண். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஐயா, இருநூத்திப் பதினாலாவது வரி நீங்க எழுதினதுதானா?"

அந்த வரி என்ன செய்கிறது என்று உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். அணையைத் திறந்தால் தண்ணீர் எங்கெங்கே போகும் என்று கண்டுபிடிக்க, நிலத்தைச் சிறுசிறு சதுரக் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆழம் என்று கணினி நொடிக்கு நொடி கணக்கிடும். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் கட்டத்தில் சில சமயம் கணக்கு ஒரு துளி அதிகமாக வடித்துவிடும். ஆழம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்படி ஓர் எண் வந்தால் மென்பொருள் அதே இடத்தில் நின்றுவிடும். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அப்படி நின்றது. மறுநாள் மேலதிகாரிகள் வந்து பார்க்க இருந்தார்கள். அவர்கள் முன்னால் அது நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி சேர்த்தேன்: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்.

அதாவது, குறைந்த தண்ணீரை நானே ஊற்றி நிரப்பினேன். அதைப் பக்கத்துக் கட்டங்களிலிருந்து கழித்திருக்க வேண்டும். கழிக்கவில்லை. வரிக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கிறதாம், என் வாசகம், தேதியோடு: "தற்காலிகம். அடுத்த வாரம் சரிசெய்க." ஒரு தடவை ஊற்றியது ஒரு கரண்டிகூட இருக்காது. ஆனால் லட்சக்கணக்கான கட்டங்களில், நான்கு நாள் வெள்ளத்தில், நொடிக்கு நொடி ஊற்றியிருக்கிறேன். எல்லாம் பள்ளமான இடத்தில் போய்ச் சேர்ந்தது. உங்கள் தெருவில் இடுப்பளவு என்று நாங்கள் காட்டிய தண்ணீரில் பெரும்பகுதி இல்லாத தண்ணீர்.

மூன்று நாள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து அந்தப் பெண் சொன்னது தவறு என்று நிரூபிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இப்போது அதே வரைபடத்தை வைத்து நகராட்சி பள்ளிக்கூடத் தெருவில் அறுபது வீடுகளுக்கு இடிப்பு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. விசாரணை பதினான்காம் தேதி. அந்த வரி என்னுடையது, அது பிழை என்று நான் எழுத்தில் கொடுத்தால் விசாரணை நிற்கும் என்கிறார் பொறியாளர். கொடுக்காவிட்டால், புது மென்பொருள் இன்னும் சோதனையில்தானே இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிடுவார்களாம்.

நீ என்ன சொல்கிறாய்?

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருந்ததையே மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். மூன்றாவது தடவை நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நீ என்ன சொல்கிறாய் என்று கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறாய், சட்டைக்கு எந்த நிறம் என்று கேட்பதுபோல. சின்ன வயதில் உன்னை அடிஸ்கேல் என்று கூப்பிட்டதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். எழுதும்போதுகூடக் கோடு போட்டுக்கொண்டு எழுதுகிறாயே. இதை ஒருவன் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? தெருவை இடித்த அந்த வருடம் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "தங்கச்சிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்குன்னு எனக்குப் போடத் தெரியாது" என்று சொன்னாய். நானும் வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்று பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். அப்போது இவர் உன்னிடம் ஒன்று கேட்டார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் படித்த மனுஷன். பெரிய படிப்பு இல்லாதவர்தான். உன் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மச்சான், அணையில இருக்கறது இவ்வளவு, ஆத்துல போறது இவ்வளவு. மிச்சம் இங்க நிக்கற தண்ணி எந்தக் குழாய்லேர்ந்து வருது?" என்று கேட்டார். நீ சிரித்தாய். கேலிச் சிரிப்பு இல்லை, உனக்கு அதெல்லாம் வராது. பொறுமையான சிரிப்பு. அது இன்னும் மோசம். ஒரு தாளை எடுத்து ஏதோ எண்ணைக் காட்டினாய். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வீட்டுக்குப் பதிலாகக் கொடுத்த இந்த எட்டுக்குப் பத்து அறைக்கு வந்து ஏழு வருடம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுக்கு வந்தும், "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், இன்னும் வரலைங்கிறதால வராதுன்னு அர்த்தம் இல்ல" என்று விளக்கம் சொன்னவன் நீ.

அதை விடு. நான் சொல்ல வந்தது வேறு.

யாரிடமும் சொல்லாதே.

நீ கணக்குப் போட்டாய், போனாய். அந்த நாற்பது வீட்டுக்கும் படியேறியவள் நான். "எங்க அண்ணனே போட்ட கணக்கு, நானே கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்க எதுக்கு யோசிக்கிறீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். என் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு அவர்கள் எல்லோரும் இந்த ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். லிஃப்டில் தினமும் பார்க்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது எதிர்வீட்டுத் தையல்காரி. அவளுடைய பழைய வீட்டில் எட்டுத் தையல் மிஷின் ஓடியது. இங்கே ஒன்றுதான் வைக்க இடம்.

சொல்லிவிட்டால் உனக்கு மனசு லேசாகும். நான் இங்கே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத் தெருவைக் காப்பாற்ற வேறு வழி பார்.

தங்கை

*

மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதைப் படிக்கும்போது என் கை எப்படி இருந்தது என்று நீ பார்த்திருந்தால் அடிஸ்கேல் என்று எழுதியிருக்க மாட்டாய்.

நான் எட்டாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கடிதம் எழுதியதற்கு முந்தைய நாள்.

உன்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதது தவறு. எனக்கு என்னைத் தெரியும். நீ சரி என்று சொன்னாலும் இன்னும் இரண்டு நாள் சரிபார்க்கலாம் என்று தோன்றும். அந்த இரண்டு நாள் முடிந்தால் இன்னும் இரண்டு. வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறேன், அந்த ஒரு வரியை எழுதிய நாளைத் தவிர. அதனால் எட்டாம் தேதி காலை பேருந்து பிடித்துப் போய், பொறியாளரின் மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடியதும்தான் உன் முகம் நினைவுக்கு வந்தது. நீ படியேறிய நாற்பது வாசல்களை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கையெழுத்துகள் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன என்று நகராட்சி எழுதியபோது, என் அறிக்கை தெளிவாக இருந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. நீ எழுதிய பிறகு நினைவு வந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். பொறியாளர் அந்த வரியைப் படித்துக் காட்டிய கணமே நினைவுக்கு வந்தது. முதல் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டேன்.

நான் அவருக்குக் காட்டிய தாளில் இருந்தது, கணக்கில் பிசகாகச் சேர்ந்துவிடும் கூடுதல் தண்ணீர் எத்தனை சதவீதம் என்ற எண். அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கையெழுத்துப் போடலாம் என்பது எங்கள் நிலையத்து விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். எங்களுக்கு வந்தது சரியாகப் பூஜ்யம் புள்ளி மூன்று. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்தச் சதவீதம் எதில்? அணைக்குள் இருக்கும் அத்தனை தண்ணீரையும் சேர்த்து வகுத்திருக்கிறேன். கடல் மாதிரி ஓர் அணை. அதில் பூஜ்யம் புள்ளி மூன்று என்றால், உங்கள் தாழ்வான பகுதி முழுவதிலும் இடுப்பளவு நிற்கும். தெருவுக்கு வந்த தண்ணீரை வைத்து மட்டும் வகுத்திருந்தால் அந்த எண்ணே எழுந்து நின்று கத்தியிருக்கும். மாப்பிள்ளை தெருவைப் பார்த்துக் கேட்டார். நான் அணையைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

நாளை விசாரணை. இந்த மாதக் கடைசிக்குள் நாளிதழ்களில் வந்துவிடும் என்கிறார்கள். உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அண்ணன்

*

மார்ச் 18

அண்ணாவுக்கு,

கேட்டுவிட்டுக் காத்திருக்காதவனுக்குக் கேள்வி எதற்கு? உன் கடிதத்தைத் தூக்கி எறியப் போனேன். குப்பைக்கூடை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடை வரை போனவள் கதவைத் திறந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று கேட்காதே. பேப்பரில் வந்து தெரிந்துகொண்டு அவர்கள் என் வாசலுக்கு வருவதைவிட, நானே அவர்கள் வாசலுக்குப் போவது மேல் என்று பட்டது.

முதலில் தையல்காரி. நின்றபடியே சொன்னேன். கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மிஷினில் ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது. கடைசியில், "உக்காரு, ஏன் நிக்கற" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கும் மறுநாளும் எல்லா மாடியும் ஏறி இறங்கினேன். லிஃப்டைத் தொடவில்லை. நாற்பது வீட்டுக்காரர்களில் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை, அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருத்தர் சிரித்தார், நிறுத்த முடியாமல். ஒருத்தர் கதவை மெதுவாக, சத்தமே வராமல் சாத்தினார். நாலாம் மாடி டிரைவர் மட்டும், "அக்கா, நீங்களும்தானே வீட்டை விட்டீங்க, உங்களை என்னன்னு சொல்றது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் போன எல்லா வாசலிலும் நானே சொன்னேன், நானும் உங்களைப்போலத்தான், என் வீடும் சும்மாத்தான் போச்சு என்று. பாதிப் பேர் அதற்காகத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

ஆனால் எல்லோரும் ஒன்று கேட்கிறார்கள். சரியான கணக்குப்படி அவரவர் வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும்? தெருவுக்கு இல்லை. வீட்டுக்கு. கதவு எண் வாரியாக. அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதி அனுப்பு. இந்தத் தடவை அணையைச் சேர்த்து வகுக்காதே.

தங்கை

*

மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிக்கூடத் தெரு விசாரணையை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டியல் இத்துடன் இருக்கிறது. பொறியாளர் திருத்திய கணக்கை மூன்று விதமாக ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நில அளவைத் தாளில் இருந்த ஒவ்வொரு வீட்டின் வாசல்படி உயரத்தையும் படித்துக் காட்டினேன். மூன்றிலும் ஒரே விடைதான்.

நாற்பத்தொரு வீடுகளில் நாற்பது வீடுகளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்திருக்காது. அதிகபட்சமாகத் தையல்காரம்மாவின் வீட்டு முன்னால் தெருவில் கணுக்காலளவு நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வீட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும். தெருக்கோடியில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்த கடைசி வீடு. உள்ளே முழங்காலுக்கு மேல். சில மணி நேரத்தில் தொடைவரை.

அது உன் வீடு.

உன் கதவு எண் வந்தபோது பொறியாளர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை படியின் உயரத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதே எண். பிறகு அவர், "சொல்லித்தான் ஆகணுமா ஐயா?" என்று கேட்டார். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு எண்ணை மறைத்ததால் வந்தது எனக்குப் போதும் என்றேன்.

உன் வீட்டை விட்டது சரிதான் என்று தெரிந்து எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. அடுத்த நிமிடம், என் வீடும் சும்மாத்தான் போச்சு என்று நீ வாசல் வாசலாகச் சொன்னதாக எழுதிய வாக்கியம் நினைவுக்கு வந்தது.

அண்ணன்

*

மார்ச் 29

அண்ணாவுக்கு,

பட்டியலைக் கீழ்த்தளத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். என் எண்ணை மடித்து மறைத்து ஒட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.

வந்தார்கள். விரலை வைத்து அவரவர் எண்ணைத் தேடினார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு விரல் கீழே இறங்கிக் கடைசி எண்ணில் நின்றது. ஒவ்வொரு விரலும் அங்கே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்கள். கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

டிரைவர் பேசவில்லை. "நீங்களும்தானே" என்று சொன்ன வாய் அது. தையல்காரிதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"உன் வீடு மட்டும்தான் முங்கும்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு இவர் நீ காட்டிய தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது போலவே. மேலே போய்விட்டாள்.

இப்போது கட்டடம் முழுக்க அதுதான் பேச்சு. அண்ணன் காதோடு சொல்லிவிட்டான், உன் வீடு ஒன்றுதான் போகும் என்று. ஒரு வீட்டுக்கு மட்டும் யார் மாற்று வீடு கட்டித் தருவார்கள்? அதனால் தெருவையே சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். கேட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பார். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நம்புவேன்.

மூன்று நாளாக யாரும் கதவைத் தட்டவில்லை. மிஷின் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில், எல்லோரும் கூடுகிறார்கள். உன்னை வரச் சொல்கிறார்கள். நீ கூட்டத்தில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில்கூட நன்றி சொல்ல நான்தான் எழுந்தேன். இந்தத் தடவை நான் சொல்வது செல்லாது.

எனக்குத் தெரியாது என்று நீ வந்து சொல்.

தங்கை

*

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

வருகிறேன். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். பொறியாளரும் உடன் வருகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று புரிந்தது. என் தங்கைக்கு எதுவும் தெரியாது என்று நான் போய்ச் சொன்னால், அது தங்கைக்காக அண்ணன் சொல்லும் சொல். அதற்கு மதிப்பில்லை. ஆகவே உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. என்னைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

என் பழைய கணக்கில் நாற்பத்தொரு வீடுகளும் மூழ்கின. உன் வீடு மட்டும் என்று அந்தக் கணக்கின் எந்த மூலையிலும் இல்லை. அந்த வரி பிழை என்று எனக்குத் தெரிந்திருந்தால்தான் நான் உன் காதில் எதையாவது சொல்லியிருக்க முடியும். எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? அதனால் நான் பொய்யன் இல்லை, முட்டாள் என்று நாற்பது குடும்பங்களுக்கு முன்னால் நிரூபித்தாக வேண்டும். வரி எழுதிய நாள், "அடுத்த வாரம்" என்ற குறிப்பு, அணையைச் சேர்த்து வகுத்த தாள், என் கையெழுத்து, எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். என் முட்டாள்தனம் எவ்வளவு பெரியது என்று அவர்கள் நம்புகிறார்களோ, உன் மேலிருக்கும் சந்தேகம் அவ்வளவு குறையும். முப்பத்தொரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைக் காப்பாற்றினேனோ, அதை அங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

பொறியாளருக்கு முன்னால் ஒருமுறை பேசிப் பார்த்தேன். "இன்னும் சத்தமா சொல்லுங்க ஐயா, மன்னிப்பு கேக்கற மாதிரி முணுமுணுக்காதீங்க, என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் வந்தது.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாசலில் வந்து என்னை அழைக்காதே. தண்ணீர் கொண்டுவந்து கொடுக்காதே. என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதே. அவர்களோடு உட்கார். தையல்காரம்மா இடம் கொடுக்காவிட்டால் அவருக்குப் பின்னால் நில். அவர்கள் என்னைக் கேட்பதையெல்லாம் நீயும் கேள், மாப்பிள்ளைக்காகவும் சேர்த்து. நான் பதில் சொல்கிறேன்.

அண்ணன்